பெருங்காயமும் பேத்தி புருஷனும்

பெருங்காயத்தில் கோதுமை மாவு இருக்கிறது என்பது எனக்கு 58 வயதில்தான் தெரியவந்தது. கல்யாணமான நாள் முதல் கிள்ளிக் கிள்ளிப் போட்ட பொருள். ஒரு ஜூலை 12ஆம் தேதி ராத்திரி, கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, டப்பாவின் பின்பக்கம் எறும்பு வரிசை மாதிரி அச்சடித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கோந்து, கோதுமை மாவு, அப்புறம் பெருங்காயம். வீட்டுக்குப் பேர்தான் பெருங்காயம், குடியிருப்பது கோதுமை.

அர்த்த ராத்திரியில் டப்பா படிக்கிற தலையெழுத்து எப்படி வந்தது என்றால், என் நாத்தனார் மகள் பாரீஸிலிருந்து புருஷனோடு வந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் வரவு. 14ஆம் தேதி மத்தியானம் எங்கள் வீட்டில் விருந்து என்று நான்தான் வாயை விட்டேன். உடனே அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் நீளமாக ஒன்று வந்தது. அவள் வீகன்; பால், தயிர், நெய், தேன் எதுவும் ஆகாது. அவள் புருஷன் விரும்பி விட்டவன் இல்லை, பாவம். சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற க்ளூட்டன் துளி உள்ளே போனாலும் அவன் உடம்பே அவன் குடலோடு சண்டைக்குப் போய்விடும். தொடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாப்பிள்ளை சுத்தமான பிரெஞ்சுக்காரன். பிரான்சில் பிறந்தவனுக்கு ரொட்டி ஆகாது. புதுச்சேரியில் பிறந்த அவன் மாமனாருக்கோ, காலையில் நீள ரொட்டியைப் பிய்த்துக் காபியில் நனைக்காவிட்டால் பொழுது விடியாது. பார்லியில் காய்ச்சுவதால் பீரும் மாப்பிள்ளைக்குக் கிடையாது. பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் குடிப்பதற்கென்றே பஸ் பிடித்து வருகிற எங்கள் புதுச்சேரிக்கு பாரீஸிலிருந்து விமானம் ஏறி வந்து இளநீர் குடித்தவன் அவன் ஒருத்தன்தான்.

மாமனாரை நாங்கள் சொல்தா அண்ணன் என்போம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்த நாட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களுக்கு இங்கே சொல்தா என்றுதான் பேர். 1881இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது: சொந்த ஜாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து கையெழுத்துப் போட்டால் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்துவிடலாம், புதுக் குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். அண்ணனின் முன்னோர் அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள். சட்டத்தைத் துறந்தார்களே தவிர மீன் குழம்பைத் துறக்கவில்லை. அந்த வருஷம் 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அண்ணன் வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டார். ஆனால் மீன் கறியில்லை என்பது அவர்கள் வேதக்கோயில் கணக்கு.

அதே வெள்ளிக்கிழமை கிருத்திகை. என் மாமியாருக்கு 86 வயது. கிருத்திகை என்றால் பகலில் ஒரே வேளை, வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, அடுப்படிப் பக்கம் மீன் வாசம் வரக்கூடாது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. என் பையன் கீட்டோ. சோறு தவிர எல்லாம் சாப்பிடுவான். மாடியில் குடியிருக்கும் வங்காளத்து அம்மா ஆசிரமத்துச் சாப்பாட்டில் நாற்பது வருஷம் வளர்ந்தவர்; மிளகாயைக் காட்டினாலே கண் கலங்கும். நாத்தனாருக்கு மட்டும் எந்த நிபந்தனையும் இல்லை என்று நினைத்திருந்தேன். “எனக்கு எது வேணா போடு, கத்திரிக்கா மட்டும் வேணாம்” என்றார். வாங்கி வைத்திருந்தது இரண்டு கிலோ கத்திரிக்காய்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் பிரெஞ்சிந்தியாவின் 178 மக்கள் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டு, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு தேசத்தையே அன்றைக்கே முடிவு பண்ணினார்கள். எங்கள் வீட்டில் மொத்தம் ஒன்பது பேர். ஒரு சாம்பாருக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

வள்ளுவர் விருந்தோம்பலை 9ஆம் அதிகாரத்தில் வைத்தார், மருந்தை 95ஆம் அதிகாரத்தில் வைத்தார். நடுவே 85 அதிகாரம் இடைவெளி விட்டவர் விவரமானவர். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே இலை.

முதலில் நான் மிதப்பாகத்தான் இருந்தேன். நம் சமையலில் கோதுமை எங்கே இருக்கிறது? அரிசி, உளுந்து, பருப்பு, புளி. இடியாப்பம் போட்டால் போச்சு. அப்புறம்தான் அந்த டப்பா. பெருங்காயம் போனால் சாம்பார் போச்சு, ரசம் போச்சு, வடை போச்சு. சரி, பெருங்காயத்துக்குப் பதிலாகப் பூண்டைத் தட்டிப் போடலாம் என்றால், மாமியாருக்குப் பூண்டுக்குப் பதிலாகத்தான் பெருங்காயமே. ஒருவருக்கு மாற்று இன்னொருவருக்கு விஷம்.

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக விழுந்தது. சாம்பார்த்தூள் அரைத்தது தெருமுனை மாவு மில்லில். எனக்கு முன்னால் நின்றவர் கையில் ஐந்து கிலோ கோதுமை. அந்த மெஷின் வாயில் விழுந்ததெல்லாம் ஒரே குடும்பம். தூளை ஒதுக்கினேன். வடகத்தை எடுத்தேன், சித்திரை வெயிலில் நானே இடித்து உருட்டிக் காயவைத்தது, அதற்குப் பழுது வராது. எடுத்த கை அப்படியே நின்றது. இடிக்கும்போது வாசனைக்கு ஒரு துண்டு பெருங்காயம் போட்டிருந்தேன்.

“இன்னாடி, இந்த நேரத்துல டப்பாவோட பேசிகினு இருக்க?” என்று மாமியார் எழுந்து வந்தார்.

விளக்கினேன். காலம் கெட்டுப்போச்சு என்று ஆரம்பிப்பார், விடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, “அவனுக்குக் கோதும தீட்டு. அவ்ளோதானே?” என்றார். “தீட்டு இல்லத்த, வியாதி.” “பேரு எதுவா இருந்தா இன்னா? ஒரே கரண்டி போடக்கூடாது. ஒரே எண்ணெயில பொரிக்கக்கூடாது. மாவத் தொட்ட கையால அவன் சோத்தத் தொடக்கூடாது. அறுவது வருசமா நான் இதத்தானே சொல்லிகினு கீறேன்? நீங்கதான் சிரிச்சீங்க.”

நாத்தனார் மகள் மூன்று வீடியோ அனுப்பி எனக்குப் புரியவைக்க முடியாததை அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார்.

இதே மாமியார்தான் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் வேதக்கார மாப்பிள்ளையான அண்ணன் குடித்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தவர். அந்த டம்ளரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. மறுநாள் காலை அவர் ஒரு புது டம்ளர், புதுத் தட்டு, இரண்டு கரண்டி எடுத்து மஞ்சள் நூல் கட்டித் தனியாக வைத்தார். அதே அலமாரி, அதே மூலை.

13ஆம் தேதி முழுக்க அடுப்படி அவர் ஆட்சி. ஊருக்கு நடுவே பெரிய வாய்க்காலைப் போட்டு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர், இந்தப் பக்கம் தமிழர் என்று பிரித்தார்களே, அதே மாதிரி மேடையின் நடுவே ஒரு மணையை நிறுத்தினார். இடப்பக்கம் கோதுமை வாடையே இல்லாத பிரெஞ்சுப் பிரதேசம். வலப்பக்கம் கிருத்திகைப் பிரதேசம். மீனுக்குக் கொல்லைப்புறத்தில் விறகடுப்பு. அது நாடு கடத்தல். மிளகாய் மல்லியை மில்லுக்கு அனுப்பாமல் அம்மியில் அரைத்தேன். அம்மி கோதுமையைக் கண்டதில்லை என்று அவர் சாட்சி சொன்னார்.

மாலையில் நாத்தனார் மகள் வந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை நீட்டினாள். “அத்தை, இது உங்களுக்கு. வடூவான். பாரீஸ்ல பெரிய பெரிய ஷெஃப் எல்லாம் இதைத்தான் போடறாங்க.”

மூடியைத் திறந்தேன். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை. வடகம்! உருண்டை உதிர்ந்து, தலை வாரி, பவுடர் போட்டுக்கொண்டு வந்திருக்கிற நம்ம ஊர் வடகம். பிரெஞ்சுக்காரர் வாய்க்கு வடகம் வடூவானாகிக் கப்பலேறி, இப்போது ஆறு யூரோவுக்குத் தாய்வீடு வந்திருக்கிறது. சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, “இதில் என்னென்ன இருக்கு, படி” என்றேன். க்ளூட்டன் கிடையாது என்று போட்டிருந்தது. பிராணி சம்பந்தமும் இல்லை. பெருங்காயமும் இல்லை.

ஆகவே ஊரிலேயே கிடந்த என் வடகம் ஜாடிக்குள் உட்கார்ந்திருக்க, பாஸ்போர்ட் எடுத்துப் போய்வந்த வடகம் ராஜமரியாதையோடு இடப்பக்க வாணலியில் இறங்கியது. பருப்புருண்டைக் குழம்பு மணந்தது. கௌரவத்தை விட்டுச் சொன்னால், என்னுடையதைவிட ஒரு பங்கு நன்றாகவே இருந்தது. இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

14ஆம் தேதி காலை அவரைப் பெரிய மார்க்கெட்டுக்கு அனுப்பினேன். மூன்று சங்கரா போதும் என்றதும் மீன்காரம்மா, “விருந்துன்ற, மூணு மீன வாங்கற?” என்றாராம். ரெண்டு பேருக்குத்தான் மீன் என்றிருக்கிறார் இவர். “ஊட்ல எத்தினி பேரு?” “ஒம்போது.” “மத்த ஏழு பேரும் ஆஸ்பத்திரியா?”

அண்ணன் கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்துக்கு மெடல் குத்திக்கொண்டு போய், இரண்டு நாட்டு தேசிய கீதத்துக்கும் விறைப்பாக நின்றுவிட்டு, பன்னிரண்டரைக்குப் பசியோடு வந்தார். அக்குளில் ரொட்டி. மாமியார் வாசலிலேயே மறித்தார். “அத்த வெளிய வைங்க மாப்ள.” பிரெஞ்சு தேசிய தினத்தன்று, பிரெஞ்சுக் குடிமகன் கையிலிருந்த பிரெஞ்சு ரொட்டி, ஒரு பிரெஞ்சுக்காரனின் நலன் கருதித் திண்ணையில் நிறுத்தப்பட்டது. அண்ணன் சல்யூட் அடித்துவிட்டு உள்ளே வந்தார்.

பூஜை முடிந்து மாமியார் பஞ்சாமிர்தம் கொடுத்தார். பேத்தி கையை நீட்டவில்லை. “ஆயா, இதுல தேன் இருக்கு. தேன் தேனீயோடது. அதைக் கேட்காம எடுக்கறது தப்பு.” “முருகன் கேட்டுத்தான்டி எடுத்திருப்பான்” என்று அவள் பங்கையும் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். நெய்யும் அதில் இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. தேன் ஒன்றே போதும்.

இலை போட்டாயிற்று. இடப்பக்க ரசம், வலப்பக்க ரசம், மிளகாய் இல்லாத ரசம். வெல்லமும் தேங்காய்ப்பாலும் விட்ட பாயசம். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்த பார்வையில் பிரிவுத் துயர் இருந்தது. எல்லாரும் உட்கார்ந்தாயிற்று, சாப்பிட முடியவில்லை. விரதச் சோறு முதலில் காக்கைக்குப் போக வேண்டும். அது தொட்ட பிறகுதான் மாமியார் தொடுவார். அவர் தொடாமல் நாங்கள் எப்படித் தொடுவது?

மதில் மேல் உருண்டை வைத்து “கா கா” என்று கூப்பிட்டார். வரவில்லை. பையன் கூப்பிட்டான். வங்காளத்து அம்மா வங்காளிக் குரலில் கூப்பிட்டார். மாப்பிள்ளைக்கு நாத்தனார் மகள் விளக்க, அவனும் எழுந்து வந்து பிரெஞ்சு உச்சரிப்பில் “க்கா” என்றான். பத்தாவது விருந்தாளிக்கு என்ன நிபந்தனையோ தெரியவில்லை.

பாரதியார் இந்த ஊரில் 1908 முதல் 1918 வரை இருந்தார். வீட்டிலிருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்துவிட்டார் என்று சொல்லி எல்லாரும் செல்லம்மாவுக்காக உருகுவார்கள். நான் மதிலோரம் வெயிலில் நின்று பொறாமைப்பட்டேன். பச்சரிசியைக் கொடுத்தால் அப்படியே தின்றுவிட்டுப் போகிற விருந்தாளிகள்!

கால் மணி கழித்துக் காக்கை வந்தது. கொல்லைப்புறத்திலிருந்து வந்தது. என் வீட்டுக்காரர் மீன் ஆய்ந்த இடத்திலிருந்து நேராக வந்தது. அலகில் சங்கராவின் செதில் ஒன்று இளஞ்சிவப்பாக ஒட்டி மினுங்கிக்கொண்டிருந்தது. அதே அலகை வெங்காயம், பூண்டு படாத கிருத்திகைச் சோற்றில் குத்தி, இரண்டு வாய் எடுத்தது.

யாரும் மூச்சு விடவில்லை. மாமியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவருக்குப் பார்வை நன்றாகவே தெரியும். ஊசியில் நூல் கோப்பவர்.

“தொட்ருச்சி” என்றார். “எல ஆறுது, வாங்க.”