சம்மதம் கேட்ட துரைத்தனத்தாருக்கு

காசிமேடு,
2021 அக்டோபர் 30

சென்னை, கல்லூரிச் சாலையில் எழுந்தருளியிருக்கும் பள்ளிக் கல்வித் துறையின் சமுகத்திற்கு, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் முதலிய பிராந்தியங்களில் பிள்ளைகளைப் பெற்று வைத்திருப்போர் சார்பில் ஒரு பிரஜை அநேக வந்தனங்களுடன் எழுதிக்கொள்ளும் விக்ஞாபனம்.

வருகிற நவம்பர் 1ஆம் தேதி திங்கட்கிழமை, ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலுள்ள பாலர்களுக்குப் பள்ளிக்கூடங்கள் திறக்கப்படும் என்றும், தீபாவளிக்கு மூன்று நாள் முன்னதாக நிகழவிருக்கும் இந்தச் சுபகாரியத்துக்குக் குடும்பங்கள் தங்களைத் தயார் செய்துகொள்ள வேண்டும் என்றும் சமுகம் திருவுளம் பற்றியிருப்பதை அறிந்து பரமானந்தம் அடைந்தோம். கொரோனா நோயை முன்னிட்டு 2020 மார்ச்சு மாதத்தின் நடுவில் பள்ளிகளைச் சாத்தியபோது, மார்ச்சு 31 வரையில்தான் விடுமுறை என்று சொன்னீர்கள். எந்த வருஷத்து மார்ச்சு என்று சொல்லவில்லையாதலால், பத்தொன்பது மாதங்கள் கழிந்த பிறகும் தங்கள் வாக்கு பொய்த்ததென்று குறைகூற ஒருவருக்கும் இடமில்லை.

இந்த இடைக்காலத்தில் எங்கள் அபிப்பிராயத்துக்குத் தாங்கள் அளித்த மரியாதையை நாங்கள் மறக்கக்கூடியவர்களல்லர். சென்ற ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளை 16ஆம் தேதி திறக்கலாமா என்று கேட்டீர்கள். 12ஆம் தேதி, திறப்பதில்லை என்று அறிவித்தீர்கள். ஜனவரியில் மறுபடியும் கேட்டு, 19ஆம் தேதி பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளையும், பிப்ரவரி 8இல் ஒன்பதாம், பதினோராம் வகுப்புகளையும் திறந்தீர்கள். அந்த மாதம் முடிவதற்குள்ளாகவே ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய மூன்று வகுப்பாரும் பரீட்சையின்றித் தேர்ச்சி பெற்றார்கள் என்று சட்டசபையில் பிரகடனமாயிற்று. மார்ச்சில் அவர்களுக்குக் கதவு மீண்டும் சாத்தப்பட்டது.

ஆயினும் இவை யாவற்றினும் சிரேஷ்டமானது, ஜனவரியில் பள்ளிக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையும் பெற்றோரின் சம்மதத்தை எழுத்து மூலமாகக் கொண்டுவர வேண்டும் என்ற விதியும், வருகை கட்டாயமன்று என்று இப்பொழுதும் தாங்கள் அளித்துவரும் சலுகையும்தாம். இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால் விளங்கும் தத்துவம் மிகவும் சூக்ஷுமமானது. பிள்ளை சௌக்கியமாயிருந்தால் அது துறையின் முன்னெச்சரிக்கையால் விளைந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அது தகப்பனார் இட்ட கையொப்பத்தால் விளைந்தது. பிள்ளை வராமலே நின்றுவிட்டால் அது குடும்பம் தன் சலுகையை அனுபவித்ததால் விளைந்தது. மூன்று வழியிலும் சமுகத்தின்மேல் ஒரு தூசி படாது.

தூசி என்றதும் முகக்கவசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதாகிறது. துறைமுகத்தில் குவித்த நிலக்கரியும் இரும்புத் தாதும் இராயபுரத்து வீடுகளின் உலையிலும், கொடியில் உலர்த்திய துணியிலும் வந்து படிந்துகொண்டிருந்த காலத்தில், அதாவது 2011இல் உயர்நீதிமன்றம் தலையிட்டு அந்தச் சரக்குகளை அங்கிருந்து அகற்றும் வரையில், முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜீவிக்கும் வித்தையை எங்கள் தாய்மார் எந்தச் சுற்றறிக்கையின் துணையுமின்றிக் கற்றார்கள். எண்ணூர்ப் பக்கத்தார் அனல்மின் நிலையத்துச் சாம்பலை முன்னிட்டு இன்றைக்கும் அந்த அப்பியாசத்தைக் கைவிடவில்லை. சென்ற ஆண்டு கோடையில், நகரத்தின் மண்டலங்களுக்குள் நோய்க் கணக்கில் இராயபுரம் முதலிடம் வகித்தபோது, தெரு முனைகளில் தகரம் அடித்து எங்களை உள்ளே வைத்துக் காத்தார்கள். மேலும் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நெடுநாளாக நாங்களே அண்டை வீட்டார். இத்தகையவர்களுக்குத் தொற்றைப் பற்றிப் பாடம் சொல்லத் தாங்கள் மேற்கொண்ட சிரமம் போற்றத்தக்கது.

ஆறடி இடைவெளியைப் பொறுத்தவரையில் மட்டும் ஒரு சிறு சந்தேகம் எஞ்சுகிறது. குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளில் வாழும் குடும்பங்களில், ஐந்து பேர் படுத்தெழும் ஒரே அறையில், யாரிடமிருந்து யார் ஆறடி விலகுவது? அண்மையில் அந்த வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று நீட்டினார்கள், அறை நீளவில்லை. இருமல் கண்ட பிள்ளையைத் தனி அறையில் வைக்கவேண்டும் என்ற தங்கள் யோசனையை ஏற்றுக்கொண்டு, அந்தத் தனி அறை எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் கல்வியை அனுப்பிவைத்த கருணையையும் இங்கே பேசியாக வேண்டும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரே பெட்டியின் முன்னே மூன்று வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்ததால், மூவரும் மூன்றையும் கேட்டுச் சகல சாஸ்திர பண்டிதரானார்கள். கைபேசி விஷயம் வேறு. வீட்டுக்கு ஒன்று உண்டு; அது விடியற்கருக்கலில் தகப்பனாரோடு விசைப்படகில் ஏறிக் கடலுக்குப் போய்விடும். மீன்பிடித் தடைக்காலத்தில் அது பகல் முழுவதும் வீட்டிலேயே இருக்கும் என்பது உண்மைதான்; ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்தத் தடைக்காலத்தின் பெரும்பகுதி தங்கள் கோடை விடுமுறையாய் அமைந்துவிட்டது. இப்படிக் கடலும் கல்வியும் ஒன்றையொன்று சந்திக்காதபடி பஞ்சாங்கம் கணித்தவர் யாரோ, அவருக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

இனித் தயாராக இருக்கும் பிள்ளைகளைப் பற்றி. சென்ற ஆண்டு ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த குழந்தை, வகுப்பறையின் வாசற்படியை மிதியாமலே இரண்டாம் வகுப்பை அடைந்து, திங்கட்கிழமை முதன்முதலாகப் பள்ளியைக் காணப் போகிறது. அதற்கு ஆரம்பத்தில் பாடம் வேண்டாம், கதையும் பாட்டும் சித்திரமும் போதும் என்று தாங்கள் முடிவு செய்திருப்பது, பகடியாக அன்று, மெய்யாகவே நல்ல காரியம். ஆனால் ஏழாம் வகுப்புப் பையனுக்கு எந்தக் கதையைச் சொல்லப் போகிறீர்கள்? அவன் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கி, ஏலம் முடிந்ததும் கூலி வாங்கி, அதில் பாதியைத் தாயிடம் கொடுக்கப் பழகிவிட்டான். அவனுடைய தோழன் கண்டெய்னர் லாரியில் கிளீனராக ஏறி வெளியூர் பார்த்துவிட்டான். இவர்களுடைய வீட்டார் சம்மதக் கடிதத்தில் கையொப்பமிடத் தயார். சம்மதிக்க வேண்டியது வீட்டு வாடகைதான். 1920இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட வழிசெய்த பிட்டி தியாகராயர், பசித்தவன் ஏன் வரவில்லை என்பதை முதலில் யோசித்தார். வண்ணாரப்பேட்டைக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது, தங்களுக்குத் தெரியாததன்று.

ஆகையால், தங்களிடம் கற்றுக்கொண்ட முறைப்படி, நாங்களும் ஒரு சம்மதப் பத்திரம் தயாரித்து இத்துடன் இணைத்திருக்கிறோம். பள்ளியில் கைகழுவும் குழாயில் தண்ணீர் வரும் என்பதற்குத் துறை சம்மதிக்கிறதா என்பது முதற் கேள்வி. (2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளியதைப் பார்த்தவர்கள் நாங்கள், குழாய்க்குப் பதிலாக வாளி வைக்கப்பட்டாலும் திடுக்கிட மாட்டோம்.) எண்ணூர் விரைவுச் சாலையில் இடைவெளியென்பதே அறியாமல் வரிசைகட்டி நிற்கும் லாரிகளினூடே சிறு பிள்ளை கடந்து வருவதற்கு ஆள் நிறுத்தச் சம்மதிக்கிறதா என்பது அடுத்தது. ஐஸ் பெட்டி தூக்கும் பையனைத் தேடி, விடியற்காலையில் ஏலக் கூடத்துக்கு ஓர் அதிகாரி நேரில் வரச் சம்மதிக்கிறாரா என்பதும், பருவமழையில் எங்கள் தெருக்கள் மூழ்கி மறுபடியும் பள்ளி சாத்தப்படுமானால், திறக்கும் தேதியை வருஷத்தோடு சேர்த்துச் சொல்லச் சம்மதமா என்பதும் மற்றவை. விடைகளுக்குக் கட்டாயமில்லை.

பத்திரத்தின் இரண்டு பிரதிகளிலும் கையொப்பமிட்டு ஒன்றைத் திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் திருப்பியனுப்பக் கோருகிறோம். கையொப்பமிடுபவர் தம் பெயரையும் பதவியையும் விளங்கும்படி எழுத வேண்டும். ‘துறைக்காக’ என்று மட்டும் இட்டு வருவதை எங்கள் பகுதிப் பெற்றோர் ஏற்றுக்கொள்வதற்கில்லை.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குப் பத்தொன்பது மாதம் காத்திருந்த பிரஜை