பத்தாவது ஆள்

செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை, கடை முதலாளிகள் சிலரின் கணக்கறிவை நாடு இன்னும் சரியாகப் பாராட்டவில்லை. பத்துப் பேர் வேலை செய்தால் கடைக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு வந்துவிடும், ஆகவே பதிவேடு ஒன்பதில் நிற்கிறது. மற்றவர்கள் அக்காள் மகன், ஊர்க்காரப் பையன், 'சும்மா வந்துபோகிறவன்'. பரணிலிருந்து அரிசி மூட்டை இறக்க ஏணியில் ஏறுகிறவனும் அந்தச் சும்மாக்காரன்தான். ஏணிக்கு ஒரு கால் குட்டை, பிஸ்கட் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறது. விழுந்தால் அது விபத்தல்ல, குடும்ப விவகாரம். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய், மஞ்சள் பற்று, இரண்டு நாள் லீவு (சம்பளமில்லாமல்): உறவு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

நாள் முழுக்க நிற்பதால்தான் கால் தளர்ந்து விழுகிறான் என்பார்கள். அதற்காக 2021-ல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையும் கொடுத்தது. உட்கார்ந்தவன் மட்டும் தூங்கி விழுவதில்லையா? இழப்பீடு கேட்பார்கள். அதற்கும் 1923-ம் ஆண்டுச் சட்டமே அட்டவணை போட்டுவிட்டது: சுண்டுவிரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 7 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரலுக்கு 14, கட்டைவிரலுக்கு 30. எல்லாச் சரக்குக்கும் விலை ஒட்டும் கடையில் இதை மட்டும் ஒட்டாதது தன்னடக்கம். ஒரே ஒரு சிக்கல், இ.எஸ்.ஐ. பதிவேட்டை எண்ணுவதில்லை, தலையை எண்ணுகிறது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பலன் உண்டு, சந்தா கட்டாத முதலாளியிடம் அதை வசூலிக்கவும் செய்யலாம். தயவுசெய்து இதைப் பத்தாவது ஆளிடம் சொல்லிவிடாதீர்கள்.