முன்குறிப்பா, சுயசித்தமா: தர்மபுரியில் வாதாடி வெல்லச் சில வழிகள்

இரட்சிப்பு தேவன் முன்குறித்ததா, மனுஷன் தானாகப் பிடித்துக்கொள்வதா என்று வாதாட உகந்த இடம் தர்மபுரிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடை. உகந்த நேரம், கன்வென்ஷன் கூட்டம் முடிந்த இரவு. பென்னாகரத்துக்குக் கடைசி வண்டி போய்விட்டிருந்தால் இன்னும் நல்லது. எதிராளி எழுந்து ஓட முடியாது.

முதலில் கட்சியை முடிவு செய்யுங்கள். (முடிவு செய்வது நீங்கள்தானா என்று இப்போதே கேட்க ஆரம்பித்தால் வாதம் தொடங்கவே தொடங்காது.) பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர் என்றால் பெரும்பாலும் சுயசித்தக் கட்சிதான், பின்மாற்றக்காரன் இரட்சிப்பை இழந்துபோவான் என்ற பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டே பெரியவராகியிருப்பீர்கள். வேலைக்கு பெங்களூர் போன இடத்தில் சீர்திருத்த சபை ஒன்றில் உட்கார்ந்துவிட்டு பொங்கலுக்கு ஊர் திரும்பியவர் என்றால் முன்குறிப்புக் கட்சி. அவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை, புதிதாகச் சேர்ந்தவருக்குக் கால்வினியத்தின் ஐந்து குறிப்புகளும் மனப்பாடமாக இருக்கும். சங்கடமெல்லாம் சி.எஸ்.ஐ.காரருக்கு. 1947-ல் அந்தத் திருச்சபை உருவானபோது முன்குறிப்பு பேசிய கால்வின் வழிவந்த பிரெஸ்பிட்டேரியன்களும் சுயசித்தம் பேசிய வெஸ்லி வழிவந்த மெதடிஸ்டுகளும் ஒரே கூரைக்குள் வந்துவிட்டார்கள். எந்தப் பக்கம் பேசினாலும் சொந்தத் தாத்தா ஒருவரைத் திட்ட வேண்டிவரும்.

அடுத்து வசனம். முன்குறிப்புக்கு ரோமர் 9, சுயசித்தத்துக்கு 1 தீமோத்தேயு 2:4. இரண்டுமே உறுதியான ஆயுதங்கள். பிலிப்பியர் 2:12, 13 பக்கம் மட்டும் தலைவைக்காதீர்கள். முதல் வசனத்தில் உங்கள் இரட்சிப்புக்கு நீங்களே பாடுபடுங்கள் என்கிற பவுல், அடுத்ததிலேயே அந்த விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குவது தேவன்தான் என்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால் இரவு ஒன்பது மணிக்கே எல்லாரும் வீட்டுக்குப் போக நேரிடும்.

உவமைக்கு ஒகேனக்கல் பரிசல் போதும். துடுப்பு பரிசல்காரர் கையில், நீங்கள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் முன்குறிப்பு. பேரம் பேசி ஏறியது நீங்கள்தானே என்றால் சுயசித்தம். ஒரே பரிசல், இரண்டு கட்சிக்கும் பொது.

இனி, மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமான விதி: இந்தக் கோட்பாட்டை அடுத்தவர்மேல் மட்டுமே பிரயோகிக்க வேண்டும். இதைத் தொடங்கிவைத்த அகஸ்டீன் அந்த நாகரிகம் தெரியாதவர். தன் திருட்டையும் காமத்தையும் தானே எழுதி வைத்துவிட்டு, என்னை நான் மீட்கவில்லை, கிருபை மீட்டது என்றார். நாம் அப்படியா? நம் பையன் ஞாயிறு தவறாமல் சபைக்கு வந்தால் அது நம் உபவாச ஜெபத்தின் பலன். பக்கத்து வீட்டுப் பையன் டாஸ்மாக்கில் கிடந்தால் அவன் தெரிந்துகொள்ளப்படாத பாத்திரம். நம் பையனே டாஸ்மாக் பக்கம் போய்விட்டால் கட்சி மாறிக்கொள்ளலாம்: ஆண்டவர் கூப்பிடத்தான் செய்கிறார், இவன் கேட்கமாட்டேன் என்கிறான். இந்த மாற்றத்தை யாரும் கவனிக்கமாட்டார்கள், ஏனென்றால் எல்லாரும் அதையே செய்துகொண்டிருப்பார்கள்.

பாட்டு விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். 'பிளவுண்ட மலையே' பாட்டின் மூலத்தை எழுதிய டாப்ளடி கடைந்தெடுத்த கால்வின் கட்சிக்காரர். வெஸ்லியை அச்சிலேயே ஏசியவர். அதைப் பாடிக் கண்ணீர்விடாத சுயசித்தக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

டீக்கடையில் வைணவப் பெரியவர் யாராவது இருந்தால் குரலைத் தாழ்த்துங்கள். ஹாலந்தில் டார்ட் நகரத்துச் சங்கம் 1618 நவம்பரில் கூடி, அடுத்த ஆண்டு மே வரை இருந்து, சுயசித்தம் பேசிய ஆர்மீனியஸ் கட்சியைத் தள்ளிவைத்த கதையை நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டி தென்கலை, தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி வடகலை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அந்தப் பிரிவின் வேர் பிள்ளை லோகாசாரியர், வேதாந்த தேசிகர் காலம். டார்ட்டுக்கு முன்னூறு ஆண்டு முந்தியது. அவரிடம் சமரசம் கிடைக்குமென்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். காஞ்சிபுரத்துக் கலைகள் நீதிமன்றப் படி ஏறியவை.

இப்போது ஆபத்தான கட்டம். அங்கிருக்கும் கல்லூரிப் பெண் யாராவது கேட்டுவிடுவாள்: "அப்போ அதியமான் நரகத்துலயாண்ணா?"

வேறு மாவட்டமாக இருந்தால் சமாளிக்கலாம். இது அதியமானின் தகடூர். பக்கத்திலேயே அதியமான்கோட்டை. நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த மனிதனை நரகத்துக்கு அனுப்பிவிட்டு நீங்கள் இந்த ஊரில் டீ குடிக்க முடியாது. சேலம், சேந்தமங்கலம் பக்கம் நற்செய்தியோடு சேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி வந்ததே 1623-ல். அதியமானுக்கும் அவருக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. முன்குறிப்புக்காரர், அவர் தெரிந்துகொள்ளப்படவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம், தைரியம் இருந்தால். சுயசித்தக்காரர் நிலைமை அதைவிட மோசம்: தேர்ந்தெடுக்க வாய்ப்பே கிடைக்காதவனுக்குச் சுயசித்தம் எதற்கு? நம் முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்துவிட்டு 1549-ல் ஜப்பான் போன சவேரியாரையே இந்தக் கேள்வி மடக்கியது. செத்துப்போன எங்கள் பெற்றோர் கதி என்ன என்று புதுக்கிறிஸ்தவர்கள் அழுததை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் கோவிலூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர் ஒருவர் இருந்தால் அவர் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல் போனவரும் மீட்படையக்கூடும் என்று சொன்னதை அவர் எடுத்துக் கொடுப்பார். அது போதாதென்றால் மொலினா என்ற சேசு சபைக்காரர் 1588-ல் எழுதிய புத்தகம் இருக்கிறது. யார் எந்தச் சூழ்நிலையில் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதும் தேவனுக்குத் தெரியுமாம். அப்படியானால் நொபிலி தகடூர் வந்திருந்தால் அதியமான் என்ன சொல்லியிருப்பான் என்பதும் தெரிந்திருக்கும்தானே என்று நீங்கள் மேற்கொண்டு இழுத்துக்கொள்ளலாம். மொலினா அவ்வளவு தூரம் வரவில்லை.

அவர் வந்த தூரத்துக்கே தொமினிக்கன் சபையார் கொதித்தெழுந்தார்கள். சேசு சபை சுயசித்தம் பேசிக் கெடுகிறது என்று இவர்கள், நீங்கள் கால்வினிஸ்டு என்று அவர்கள். ரோமில் பஞ்சாயத்து ஆண்டுக்கணக்கில் நடந்தது. அது நடந்துகொண்டிருக்கும்போதே நொபிலி மதுரைக்கு வந்து சேர்ந்துவிட்டார். 1607-ல் போப் ஐந்தாம் பவுல் பஞ்சாயத்தைக் கலைத்தார். ஒருவரையொருவர் வேதப்புரட்டர் என்று சொல்லக்கூடாது, தீர்ப்பு தக்க சமயத்தில் வெளியாகும் என்றார்.

இன்னும் வெளியாகவில்லை. நானூறு ஆண்டாக வாய்தாவில் கிடக்கிற வழக்கு. வேதப்புரட்டன் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதாடலாம், அனுமதி உண்டு.