டெண்டர் விடாத சாலை விரிவாக்கம்

அனுப்புநர்: வார இறுதியில் மலையேறும் ஒரு குடிமகன்
பெறுநர்: தமிழ்நாடு வனத்துறை, சென்னை
பொருள்: மலைப்பாதைகள் தாமாகவே அகலமாவது – பாராட்டுத் தெரிவித்தல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 மலையேற்றப் பாதைகளைத் தொடங்கிவைத்தீர்கள். இணையத்தில் பணம் கட்டினால் போதும், உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். பாதைகளை எளிது, மிதம், கடினம் என்று தரம் பிரித்தது அதைவிட அருமை. எங்கள் முழங்கால் எவ்வளவு வலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மலைக்கு எவ்வளவு வலிக்கும் என்பதற்குத்தான் தரவரிசை இல்லை. போகட்டும், மலை என்ன டிக்கெட்டா வாங்குகிறது?

ஊரில் ஒரு சாலையை நாலடி அகலப்படுத்த நிலம் எடுக்க வேண்டும், டெண்டர் விட வேண்டும், வழக்கைச் சந்திக்க வேண்டும். மலையில் ஒரு மழை போதும். பாதையில் சேறு தேங்கியதும், முதலில் வருபவர் ஷூ நனையாமல் ஓரப் புல்லில் கால் வைப்பார். பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் அவர் வழியே. புல் செத்து அந்த ஓரமும் சேறாகும். அடுத்த வாரக் குழு அதற்கும் ஓரமாகப் போகும். கொண்டை ஊசி வளைவில் சுற்றிவரப் பொறுமையில்லாதவர்கள் நேரே இறங்கிக் குறுக்குவழி போட்டுத் தருகிறார்கள். மிதிபட்டு இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்காது, ஓடும். ஆகவே சாலையோடு வடிகாலும் இலவசம். மண் கரைந்து வெளியே வந்த வேர்கள் படிக்கட்டு. ஷூ சேற்றில் ஒட்டிவந்த பார்த்தீனிய விதை சாலையோரப் பூங்கா. நெடுஞ்சாலைத் துறை பொறாமைப்பட வேண்டிய சாதனை இது!

ஆனால் இந்தச் சாதனையைத் தணிக்கை செய்வதில் ஒரு சிக்கல். மிதிபடுவதால் வரும் சேதத்தில் பெரும்பங்கு முதலில் நடக்கும் கொஞ்சம் பேராலேயே நேர்ந்துவிடுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். பிறகு கூட்டம் இரட்டித்தாலும் சேதம் அதே அளவுக்கு இரட்டிப்பதில்லை. பழைய பாதையில் பத்துப்பேர் கூடுதலாகப் போவதைவிட, அந்தப் பத்துப்பேர் புதுக் குறுக்குவழி தொடங்குவதே மலைக்குப் பெரிய நஷ்டம். ஆக, டிக்கெட்டை எண்ணி மலையின் நிலையைச் சொல்ல முடியாது. தரையைத்தான் அளக்க வேண்டும்.

அதற்குச் செயற்கைக்கோள் வேண்டாம். குறிப்பிட்ட தூரத்துக்கு ஓரிடம் தேர்ந்து, பாதையின் இருபுறமும் முளை அடித்து, குறுக்கே நூல் கட்டி, நூலிலிருந்து தரைவரை டேப் வைத்துக் குறித்துக்கொண்டால் போதும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடி அளந்தால், எவ்வளவு மண் போனது, பாதை எவ்வளவு விரிந்தது என்று தெரிந்துவிடும். வழியில் முளைத்த குறுக்குவழிகளையும் எண்ணிக்கொள்ளலாம். உங்கள் வழிகாட்டி இளைஞர்களே செய்துவிடுவார்கள். அதற்குரிய கூலியை மட்டும் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

2018இல் குரங்கணி மலையில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு, மலையேறுபவர்களைக் காக்க விதிகள் வந்தன. அவை அவசியம். மலையைக் காக்கவும் இரண்டு வரி சேருங்கள்: ஒவ்வொரு பாதையின் அளவும் ஆண்டுதோறும் கட்டண விவரத்துக்குப் பக்கத்திலேயே வெளியாக வேண்டும், வரம்பு மீறி விரிந்த பாதைக்கு, புல் திரும்பும்வரை டிக்கெட் விற்கக் கூடாது. அதுவரை காத்திருக்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓரப் புல்லை மிதித்தவர்களில் ஒருவன்