வக்கான்ஸ் மாமா

பிரான்சில் பள்ளிக்கூடங்கள் பூட்டி ஆடி மாதமும் பிறந்துவிட்டால், யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் வான்கள் தீவுப்பக்கம் இறங்கத் தொடங்கும். கூரையில் ஏற்றியிருக்கும் பெட்டிகளைப் பார்த்தே எந்த நாடு என்று சொல்லக்கூடிய ஆட்கள் எங்கள் பக்கத்துச் சந்திகளில் இருக்கிறார்கள். கனடாப் பெட்டி பெரிசு. சுவிஸ் பெட்டி புதுசு. பாரிஸ் பெட்டிக்கு பூட்டு இருந்தாலும் நம்பிக்கை இல்லாமல் குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டிருக்கும். அந்தக் கயிற்றுப் பெட்டிக்குச் சொந்தக்காரர்தான் வக்கான்ஸ் மாமா. பாரிஸில் விடுமுறைக்குப் பெயர் வக்கான்ஸ். அவர் அதைச் சொல்லும் அழகுக்காகவே ஊர் அவருக்கு இந்தப் பட்டத்தைக் கொடுத்தது.

வக்கான்ஸ் மாமா ஒரு ஆள் அல்ல. புங்குடுதீவுக்கு ஒருத்தர், வேலணைக்கு ஒருத்தர், சரவணைக்கு இரண்டு பேர் என்று இருப்பார்கள். அடையாளம் ஒன்றுதான்: முழங்காலுக்குக் கீழே நிற்கும் முக்கால் காற்சட்டை, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு சின்னப் பை. பைக்குள் கடவுச்சீட்டு, பிறஷர் குளிசை, காணி உறுதியின் போட்டோப் பிரதி. ஓய்வெடுக்க வந்த மனிசனுக்கு மூன்றாவது சாமான் எதற்கு என்று இப்போதே கேட்கக்கூடாது.

நான் சொல்லவந்த மாமாவை ஓய்வுக்கு அனுப்பியது டொக்டர். பிரான்சில் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை 1936-இல் சட்டமானது. அப்போது 2 கிழமை, 1982-இலிருந்து 5 கிழமை. அந்த 5 கிழமையும் மாமாவுக்கும் உண்டு. ஒரு ரெஸ்ரோறண்டுக் குசினியில் லீவு விழுந்தால் அடுத்த ரெஸ்ரோறண்டில் லீவில் போனவனின் இடத்துக்கு நின்று உழைப்பார். இப்படி முப்பது வருசமாகப் பிரெஞ்சுக்காரரின் வக்கான்ஸைக் காப்பாற்றிக் கொடுத்தவருக்கு ஒருநாள் பிறஷர் 170-ஐத் தாண்டியது. டொக்டர் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள்.

"அப்பா, ஒரு கிழமை எங்கையாவது போய்ச் சும்மா இருக்கட்டாம். பேந்து ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் மனசுக்குப் பிடிச்ச ஏதாவது செய்யோணுமாம்."

"சும்மா எண்டால்?"

"ஒண்டும் செய்யாமல் இருக்கிறது."

"அதைக் காலமை செய்யிறதோ, பின்னேரம் செய்யிறதோ எண்டு கேள்."

எங்கே போவது என்று வீட்டில் மாநாடு கூடியது. மாமிக்கு லூர்து. நெற்றியில் திருநீறும் கையில் மெழுகுதிரியுமாக லூர்துக்குப் போய்வராத பாரிஸ் தமிழ்ப் பொம்பிளைகள் குறைவு. மாமிக்கோ நேர்த்தி பாக்கி வேறு இருந்தது. மகனுக்குப் பார்சிலோனா. மகளுக்கு ஆம்ஸ்ரடாம். மாமா ரிக்கெற் விலை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, ஒல்லாந்தரை மேடைக்குக் கூட்டிவந்தார்.

"1658-இலை யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச ஒல்லாந்தன் எங்கடை தீவுகளுக்கெல்லாம் தன்ரை ஊர்ப்பேரை வைச்சிட்டுப் போனவன். காரைதீவு ஆம்ஸ்ரடாம். வேலணை லெய்டன். புங்குடுதீவு மிடில்பேர்க். நயினாதீவு ஹார்லெம். அனலைதீவு றொட்டர்டாம். நெடுந்தீவை இண்டைக்கும் டெல்ப்ற் எண்டுதான் சொல்லுறாங்கள். ஒரு ரிக்கெற்றிலை முழு ஒல்லாந்தையும் காட்டிறன்."

பிள்ளைகள் உடனே போனில் தேடினார்கள். அத்தனையும் உண்மை. அப்பா சொன்னது சரியாகப் போனால் பிள்ளைகளுக்கு வேறு வாதம் வராது. அவருடைய வீட்டில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவையாம். மாமிக்கும் பதில் இருந்தது: வேலணைப் பக்கம் சாட்டிக் கடற்கரையில் சிந்தாத்திரை மாதா இருக்கிறா, லூர்து நேர்த்தியை அங்கே செலுத்தலாம், மாதாவுக்குள் மாதா கணக்குப் பார்க்க மாட்டா.

சொந்த ஊரை விட்டுச் சாட்டியைத் தெரிந்தெடுத்ததிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சொந்த ஊரில் இறங்கினால் ஓய்வு கிடையாது. முதல்நாள் பெரியம்மா வீடு, மறுநாள் பெரியம்மா வீட்டுக்கு முதல் போனதற்காகக் கோவித்த அம்மான் வீடு, மூன்றாம் நாள் இரண்டு பேரையும் சமாதானப்படுத்தும் சித்தப்பா வீடு. சாட்டி அப்படியில்லை. வெள்ளை மணல், அலையில்லாத கடல், நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேலே ஏறாத தண்ணி. கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணிக் கிணறு. சாட்டிக் கிணற்றுத் தண்ணி பவுசர் ஏறி மற்றத் தீவுக் கிராமங்களுக்கும் போவதைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். பக்கத்தில் அறை எடுத்து ஒரு கிழமை இருந்தால் ஒரு சொந்தக்காரரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று மாமா நினைத்தார். தீவகத்தில் முப்பது வருசம் இல்லாத மனிசன் அப்படி நினைப்பதில் பிழை சொல்லமுடியாது.

முதல் நாள் விடியவே பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுபோய் மணலில் வைத்து, கால்நீட்டி, டொக்டர் சொன்னபடி சும்மா இருக்கத் தொடங்கினார். கால்மணித்தியாலம் போயிருக்காது.

"தம்பி ஆரைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்?" சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் காலை ஊன்றினார்.

"ஒருத்தரையுமில்லை ஐயா. சும்மா இருக்கிறன்."

பெரியவர் கடலைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

இதை ஊரின் குற்றமாகச் சொல்லமாட்டேன். கடற்கரையில் ஒரு ஆம்பிளை இருந்தால் வலை பொத்துவார், வள்ளம் பார்ப்பார், குறிகட்டுவான் பஸ்ஸுக்கு நிற்பார், கடன் குடுத்தவனுக்கு ஒளித்து நிற்பார். காரணம் இல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவரை வைக்க எங்களிடம் ஒரு பெட்டி இல்லை. மத்தியானத்துக்குள் செய்தி வேலணையைத் தாண்டிப் புங்குடுதீவுப் பாலத்தில் ஏறிவிட்டது: பாரிஸ்காரருக்குத் தலையிலை ஏதோவாம், ஒரே கடலைப் பாக்கிறாராம். பின்னேரம் பெரியம்மா ஒடியல் கூழோடு ஓட்டோவில் வந்து இறங்கினா. பின்னாலே மோட்டார்சைக்கிளில் சித்தப்பா. நயினாதீவு அம்மனிடம் ஒரு நூல் கட்டினால் எல்லாம் சரியாகும் என்று ஒரு மச்சாள். பிறஷர் மெசின் அன்றிரவு 175 காட்டியது.

அப்போதுதான் மாமாவுக்கு டொக்டர் சொன்ன இரண்டாவது பாதியின் அருமை விளங்கியது. கையில் ஒரு பொழுதுபோக்கு இருந்தால் ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

டெக்கத்லோனில் வாங்கின மடிப்புத் தூண்டிலை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கினார். ஆழம் வரட்டும் என்று நடந்தார், நடந்தார். கரையில் நின்ற மாமி தீப்பெட்டி அளவாகும் வரைக்கும் நடந்தார். ஆழம் வரவில்லை. திரும்பி வரும்போது பத்து வயதுப் பொடியன் ஒருவன் ஒரு கோர்வை ஓரா மீனோடு எதிரே வந்து, "மாமா, மீன் அந்தப் பக்கம்" என்று மேற்கே காட்டிவிட்டுப் போனான். பொடியனிடமே மீனை வாங்கி, தூண்டிலோடு சேர்த்துப் படமெடுத்து பாரிஸ் குழுமத்துக்குப் போட்டதோடு மீன்பிடி முடிந்தது.

பறவை பார்க்கலாம் என்று மகள் சொன்னாள். மண்டைதீவுப் பக்கம் பூநாரை கூட்டம்கூட்டமாக நிற்கும் படம் அவளுடைய போனில் இருந்தது. தொலைநோக்கியும் கழுத்துமாக மாமா போய் நின்றார். காகம் இருந்தது, கொக்கு இருந்தது, மின்கம்பத்தில் ஒரு மீன்கொத்தி இருந்தது. பூநாரை வருவது மாரியில். அதுக்கும் வக்கான்ஸ் உண்டு, ஆனால் ஆடியில் எடுப்பதில்லை.

மணல் நிலத்தில் பூங்கன்று வைத்துத் தண்ணி விடும் திட்டமும் இருந்தது. மோட்டரைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டினா. "ராசா, மோட்டரை நிப்பாட்டு. உவர் ஏறப்போகுது." ஆச்சி படிக்காத நிலத்தடி நீரியல் அது. தீவில் நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலே மெல்லிய படையாகத்தான் மிதந்துகொண்டிருக்கிறது. பட்டையால் அள்ளினால் தரும், மோட்டரால் இழுத்தால் கீழே இருக்கிற கடல் மேலே வரும். மாமா மோட்டரை நிற்பாட்டினார். பிறகு நெடுந்தீவுக்குப் படகேறி அங்கத்தைக் குதிரைகளைப் பார்த்தார். ஒரு மணித்தியாலக் கடலில் வயிறு கலங்கியதுதான் மிச்சம். குதிரைகள் மாமாவைப் பொருட்படுத்தவில்லை.

மாமிதான் உண்மையில் வக்கான்ஸ் எடுத்தவ. சிந்தாத்திரை மாதாவிடம் ஒருநாள், நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் ஒருநாள், பனங்காய்ப் பணியாரம் சுடும் பெரியம்மாவின் அடுப்படியில் மீதிநாள். அவவிடம் ஒருத்தரும் ஏன் இருக்கிறியள் என்று கேட்கவில்லை. அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை. சந்தோசமாக இருப்பவர்களை வைத்து எழுதுவது கஷ்டம்.

நாலாம் நாள் மாமா, சும்மா ஒருக்கால் பார்த்துவிட்டு வருவம் என்று, தகப்பன் வழி வந்த காணிக்குப் போனார். நெஞ்சுப் பையின் மூன்றாவது சாமானுக்கு வேளை வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் பழங்கதை சொல்லவேண்டும். 1990-க்கும் 91-க்கும் இடையில் யுத்தத்தால் தீவகம் இடம்பெயர்ந்தது. ஆளில்லாத வளவில் வேலி எத்தனை நாளைக்கு நிற்கும்? கிடுகு மக்கியது, கிளுவை காடானது, எல்லைக்கு நின்ற பனையில் சிலது விழுந்தது, சிலதைத் தறித்தார்கள். வருசக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்தவர்கள் பற்றையை வெட்டி, நினைவில் இருந்த எல்லையில் கதியால் நட்டார்கள். நினைவு எல்லாருக்கும் உண்டு. ஆனால் அது எப்போதும் ஒரு சாண் பக்கத்து வளவுக்குள்தான் சாயும்.

மாமாவின் பக்கத்து வளவுக்காரர் ஓய்வுபெற்ற மனிசன். பிள்ளைகள் நோர்வேயில். வேலிக்கு இந்தப்பக்கம் முக்கால் காற்சட்டையைக் கண்டதும் சரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

"தம்பி எப்ப வந்தனீங்கள்? சுகமோ?"

"சுகம் அண்ணை. இந்தக் கிளுவை முந்தி இஞ்சை நிக்கேல்லை."

இரண்டு பேரின் முகமும் தெளிந்தது. மாமாவுக்கு அந்தக் கிழமையில் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்கக் கிடைத்தது. அண்ணைக்கு வருசக்கணக்காகப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் இருந்தது.

அன்றிலிருந்து விடிய ஆறரைக்கு மாமா காணியில். உறுதியை விரித்து, வடக்கே யார், கிழக்கே யார் என்று சத்தமாக வாசிப்பார். அண்ணை தன் உறுதியைக் கொண்டுவந்து தானும் வாசிப்பார். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர் என்பதில் இரண்டு பேருக்கும் பூரண உடன்பாடு. அதற்குப் பிறகு ஒன்றிலும் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் 1707-இல் எழுதிவைத்த தேசவழமையில் பக்கத்துக் காணிக்காரனுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று ஒருநாள் முழுக்கக் கதைத்தார்கள். தீவுக்குத் தன் ஊர்ப்பெயரை வைத்தவன், எங்கள் வழக்கத்தையும் எழுதிவைத்து, முந்நூறு வருசத்துக்கு எங்களுக்குப் பொழுதுபோக்கும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பிறகு அளவை. தெற்கு மூலையில் பாதி புதைந்த எல்லைக்கல் ஒன்று. வடக்கே விழுந்த பனையின் அடிக்கட்டை. இரண்டுக்கும் நடுவில் நூல் பிடிக்கவேண்டும். நூலின் ஒரு நுனியை மாமா கல்லில் அழுத்தினார். மற்ற நுனிக்கு ஆள்? வெயிலேறின நேரம், ஒழுங்கையில் ஒரு குஞ்சு இல்லை. அண்ணையே போய் அடிக்கட்டையில் குந்தி நூலைப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்கோ அண்ணை!"

"இறுக்கிறன் தம்பி. நீங்கள் என்ரை பக்கம் சரிக்கிறியள்!"

"நான் சரிக்கேல்லை, காத்து."

"காத்து கச்சானல்லோ, அது உங்கடை பக்கமெல்லே தள்ளோணும்!"

நூல் ஒருமுறை கிளுவைக்கு இந்தப்பக்கம் விழுந்தது, ஒருமுறை அந்தப்பக்கம். ஒவ்வொருமுறையும் அண்ணையின் வீட்டுக்குள் இருந்து பிளேன்ரீயும் பனங்கட்டியும் வந்தது. போனவர் வந்தவர் ஒருத்தரும் நின்று "என்ன தம்பி, தனிய இருக்கிறியள்" என்று கேட்கவில்லை. "ஆ, வேலியோ" என்று திருப்தியோடு கடந்து போனார்கள். பாரிஸ்காரருக்குச் சுகம் வந்துவிட்டது என்று புங்குடுதீவுக்கும் செய்தி போயிற்று. ஆறாம் நாள் இரவு மாமி பிறஷர் மெசினை இரண்டு தடவை தட்டிப் பார்த்தா. 132.

புறப்படுவதற்கு முதல்நாள் மகன், பார்சிலோனாவுக்குப் போகாத கோபத்தில் நியாயமான ஒரு காரியம் செய்தான். நில அளவையாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்தப் பொடியன் கருவியை நிமிர்த்தி வைத்து, "ஐயா, அரைநாள் வேலை. கல்லுப் போட்டு ஒரேயடியா முடிச்சுத் தாறன்" என்றான்.

மாமா அண்ணையைப் பார்த்தார். அண்ணை மாமாவைப் பார்த்தார்.

"இப்ப என்ன அவசரம் தம்பி?" என்றார் அண்ணை. "பயணம் போற நேரத்திலை."

"ஓமோம்," என்றார் மாமா. "இதெல்லாம் ஆறுதலாச் செய்யிற வேலை."

இப்போது பாரிஸில் வேலை முடிந்து வந்தால் நாளுக்கு ஒரு மணித்தியாலம் மாமா வட்ஸ்அப்பில். இந்தப்பக்கம் அண்ணை போனைத் தூக்கிக்கொண்டு, பின்னேர இருட்டென்றால் ரோச்சும் அடித்து, கதியால் கதியாலாக வேலியைக் காட்டுகிறார். பிறஷர் ஏறவே இல்லை. போனமாதம் டொக்டர் ஆச்சரியப்பட்டு, அப்படி என்ன பொழுதுபோக்கு என்று கேட்டிருக்கிறார். மகளுக்குப் பிரெஞ்சில் வேறு வழி தெரியவில்லை; தோட்டம் செய்கிறார் என்று சொல்லிவிட்டாள். டொக்டருக்கும் தோட்டத்தில் ஆசை போல. எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அடுத்த கேள்வி.

மாமா யோசிக்கவே இல்லை.

"எங்கடை பக்கமா ஒரு சாண் எண்டு சொல்லு பிள்ளை."