டயரும் வாத்தியாரும்

டிராக் டே எனப்படுவது, மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் ஒருவர் கட்டணம் செலுத்தி, பந்தயத்துக்கென்றே அமைக்கப்பட்ட ஓடுதளத்தில், எதிரே லாரியும் குறுக்கே ஆடும் வாரா என்ற உறுதியின் பேரில், பரிசோ பதக்கமோ எதிர்பாராமல் தம் வண்டியைத் தம் திறமைக்கு ஏற்ற வேகத்தில் ஓட்டிப் பழகும் நாளாகும். பரிசில்லாத ஓட்டத்துக்குப் பணம் கட்டுவானேன் என்ற ஐயம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுவது இயல்பே. ஏனெனில் கீரனூருக்கும் திருமயத்துக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் அதே வேகத்தை இளைஞர்கள் கட்டணமின்றியே எட்டிவருகிறார்கள். பொது இடத்தில் வேகப் போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம் என்ற செய்தி அவர்களைத் துரத்திக்கொண்டுதான் இருக்கிறது என்றாலும், அவர்களுடைய வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

முறையான தளங்கள் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களுக்காகப் போடப்பட்டுப் பின்னர் விமானங்களால் மறக்கப்பட்ட சோழவரம் ஓடுபாதையில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்திவந்தது. 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் உடைய நிலையான தளம் ஒன்று எழுந்தது. பந்தயக் கார்களை வடிவமைத்தவரும் 1995இல் விமான விபத்தில் மறைந்தவருமான எஸ். கரிவரதனின் பெயர் தாங்கிய 2.1 கிலோமீட்டர் தளம் கோவை செட்டிப்பாளையத்தில் உள்ளது. புதுக்கோட்டையிலிருந்து இருங்காட்டுக்கோட்டை 350 கிலோமீட்டருக்கும் மேல். ஆகவே இம்மாவட்டத்திலிருந்து தம் வண்டியிலேயே கிளம்பும் ஆர்வலர், அத்தளத்தைத் தொண்ணூறு முறைக்கு மேல் சுற்றிவரும் தூரத்தைப் பெரும்பாலும் நேர்கோட்டில் கடந்து, டயரின் நடுப்பகுதியைத் தேய்த்துத் தீர்த்த பின்னரே, அதன் ஓரப்பகுதியைப் பயன்படுத்தும் கலையைக் கற்கத் தொடங்குகிறார்.

டிராக் டேயின் நடைமுறையை விளங்கிக்கொள்வதில் மட்டும் இம்மாவட்டத்தாருக்குத் தனிப்பட்ட வசதி ஒன்று உண்டு. 2019 ஜனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் 1,300க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்ட மாவட்டம் இது. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் தச்சங்குறிச்சியில்தான் தொடங்குகிறது. முன்பதிவு செய்வது, டோக்கன் வாங்குவது, களத்தில் இறங்கும் முன் பரிசோதனைக்கு உட்படுவது, எல்லாரும் ஒரே நேரத்தில் முண்டியடிக்காமல் ஒரே நிறப் பனியன் அணிந்த குழுக்களாகச் சுற்றுச் சுற்றாக இறங்குவது, விழுபவருக்காகத் தேங்காய் நார் பரப்பிவைப்பது, ஆம்புலன்ஸை முன்கூட்டியே நிறுத்திவைப்பது ஆகிய எல்லாம் வாடிவாசலில் பழகிப்போனவை. ஓடுதளத்திலும் ஓட்டிகள் அனுபவத்தின்படி குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, குழு ஒன்றுக்குச் சுமார் கால் மணி நேரம் என்ற அளவில் முறை வைத்து அனுப்பப்படுகிறார்கள். தேங்காய் நாருக்குப் பதிலாகத் தளத்தின் ஓரத்தில் சரளைக்கல் படுகை இருக்கிறது. வேறுபாடு ஒன்றே: வாடிவாசலில் காளைக்குப் பாடம் நடத்த எவரும் முற்படுவதில்லை.

தளத்தில் இறங்கும் முன் வண்டியைச் சோதிக்கும் சடங்கு நடைபெறும். விழுந்தால் கண்ணாடிச் சில்லு தளத்தில் சிதறக் கூடாது என்பதற்காக முகப்பு விளக்கின் மேல் டேப் ஒட்ட வேண்டும். பக்கவாட்டுக் கண்ணாடிகளைக் கழற்றவோ மூடவோ வேண்டும். முந்திச் செல்பவரே பாதுகாப்பாக முந்தும் பொறுப்பை ஏற்க வேண்டும், முன்னே செல்பவர் பின்னால் பார்க்கத் தேவையில்லை என்பது இதன் தத்துவம். இத்தத்துவத்தை ஓடுதளம் இருக்கும் திசையையே அறியாமல் தாமாகக் கண்டடைந்து, வண்டி வாங்கிய வாரத்திலேயே கண்ணாடிகளைக் கழற்றிவிட்ட இளைஞர்கள் ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் நிறைய உண்டு. வண்டிச் சோதனையில் அவர்களுக்கு முழு மதிப்பெண் உறுதி. ஆனால் அதே சோதனை, முழுமுகத் தலைக்கவசம், தோலால் ஆன உடுப்பு, கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், முதுகெலும்புக் காப்பு என்று கேட்கத் தொடங்கும்போது, தலைக்கவசத்தைப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்து டாங்கைக் காத்துவந்தவர்கள் முகம் வாடுகிறார்கள்.

இனிப் பயிற்சி. அமெரிக்கரான கீத் கோட் 1980இல் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல், இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. நான்கு நிலைகளாக அமைந்த அதன் பாடத்திட்டத்தில் முதல் பாடம் ஆக்சிலரேட்டர் கட்டுப்பாடு: வண்டி வளைவில் சாய்ந்து தன் பாதையைப் பிடித்ததும் ஆக்சிலரேட்டரை மெல்லத் திறந்து, வளைவு முடியும்வரை சீராகக் கூட்டிக்கொண்டே செல்ல வேண்டும், அப்போது எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு முன்சக்கரத்துக்கும் 60 விழுக்காடு பின்சக்கரத்துக்கும் பகிரப்பட்டு, வண்டி நிலைகொள்ளும். இதைப் பழக்குவதற்காக, தொடக்கத்தில் மாணவர்கள் ஒரே கியரில், பிரேக் பிடிக்காமல் சுற்றிவரும்படி பணிக்கப்படுகிறார்கள். பிரேக் இல்லாத ஓட்டத்தில் நெடுநாள் அனுபவம் உள்ள மாவட்டத்தாருக்கு இப்பாடம் எளிதாகத் தோன்றும். ஆயினும் பிரேக் இருந்தும் பிடிக்காமல் ஓட்டுவதும், பிரேக் பிடிக்காததால் பிடிக்காமல் ஓட்டுவதும் கல்விமுறையில் ஒன்றாகக் கருதப்படுவதில்லை.

வேகத்தில் செல்லும் வண்டியை வலப்பக்கம் திருப்ப, கைப்பிடியின் வலப்பக்கத்தை முன்னோக்கித் தள்ள வேண்டும் என்பது அடுத்த உண்மை. சைக்கிள் ஓட்டும் சிறுவன் உட்பட எல்லாரும் இதை அறியாமலே செய்கிறார்கள், அறிவித்தால் மறுக்கிறார்கள், மறுத்துக்கொண்டே சிந்திக்கத் தொடங்கினால் அதுவரை செய்துவந்ததும் வராமல் போகிறது. கண் செல்லும் இடத்துக்கே வண்டி செல்லும் என்பது இன்னோர் அடிப்படை விதி. வளைவைக் கடக்க விரும்புபவர் வளைவின் முடிவைப் பார்க்க வேண்டும். சாலையில் ஆட்டைப் பார்த்தபடியே ஆட்டை விலக முயல்பவர், சற்று நேரத்தில் ஆட்டுக்காரரோடு விலை பேசிக்கொண்டிருப்பது இவ்விதியின் நிரூபணமாகும். வளைவின் வெளியோரத்தில் நுழைந்து, உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரத்துக்கு வருவதே வேகமான பாதை என்பதும் தளத்தில் கற்பிக்கப்படுகிறது. இக்கல்வியைச் சாலைக்குக் கொண்டுவரலாகாது. ஏனெனில் சாலையின் மறுபாதியில் அதே பாதையைத் தமக்கென வைத்திருக்கும் தனியார் பேருந்து ஓட்டுநர்கள், எந்தப் பள்ளியிலும் பயிலாமலே அதில் தேர்ச்சி பெற்றவர்கள்.

இவ்வளவுக்கும் ஒரு வாத்தியார் தேவையா, வண்டி ஓட்டுவது தானாக வருவதன்றோ என்று கேட்பவர் இம்மாவட்டத்து ஆண்களில் மிகப் பலர். அவர்கள் தங்கள் மாவட்டத்தின் அண்மை வரலாற்றை மறந்தவர்கள். இரு சக்கரத்தில் அமரும் பயிற்சியை ஓர் இயக்கமாகவே நடத்திக் காட்டிய ஊர் புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தறிவுக்காகத் தொடங்கிய அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. ஒருத்தி கற்று, அவள் பிடிக்க இன்னொருத்தி ஏறி, ஏச்சையும் கேலியையும் பொருட்படுத்தாமல் ஊர்ப் பொட்டல்களில் நடந்த அப்பயிற்சி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை மிதிக்க வைத்தது எனப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளில் ஏறியவர்கள், அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்ற காரணத்தால் அதையே விரும்பவும் தொடங்கினார்கள். தேவையை முதலில் வைத்து வண்டியைப் பின்னர் தேர்ந்த இம்முறை, இன்றைய மோட்டார் சைக்கிள் விற்பனையகங்களில் காணக் கிடைக்காதது. எனவே ஆறு லட்ச ரூபாய் வண்டிக்காக அடம்பிடிக்கும் இளைஞரின் வீட்டில், முறையாகப் பயிற்சி பெற்று வண்டியில் ஏறிய ஒரே நபர் அவருடைய அம்மாவாகவோ அப்பத்தாவாகவோ இருக்க வாய்ப்பு மிகுதி.

வாத்தியார் வேண்டாம் என்பவர்களின் அறிவுத் தாகமெல்லாம் டயரில் வந்து முடிகிறது. 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். முதல், மதுரைக்கு அருகே ஆலை வைத்துள்ள டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா வரை, டயர் தமிழ்நாட்டுக்கு அந்நியப் பொருளன்று. டயரின் பக்கவாட்டில் 140/70-17 66H என்று எழுதியிருந்தால், அகலம் 140 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 விழுக்காடு, உள்ளே பொருந்தும் விளிம்பின் விட்டம் 17 அங்குலம், தாங்கும் எடை 300 கிலோ, தாங்கும் வேகம் மணிக்கு 210 கிலோமீட்டர் என்று பொருள். வடகாட்டுப் பலாப்பழங்களையும் கீரமங்கலத்துப் பூ மூட்டைகளையும் சுமந்து வரும் எக்ஸ்.எல். 100 மொபெட்டின் டயரில் இருக்கும் 41L என்ற குறிப்போ, 145 கிலோ எடையையும் 120 கிலோமீட்டர் வேகத்தையும் வரம்பாக வகுக்கிறது. இவற்றுள் இரண்டாவது வரம்பை அவ்வண்டி ஒருநாளும் மீறியதில்லை. முதலாவது வரம்புக்குள் ஒருநாளும் நின்றதில்லை.

ஓடுதள டயரின் ரப்பர் மென்மையானது. சூடேறினால் தரையைக் கவ்விப் பிடிக்கும், விரைவில் தேய்ந்தும் போகும். டயரில் உள்ள வரிப்பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றுவதற்கே என்பதால், உலர்ந்த தளத்துக்கான பந்தய டயர்கள் பள்ளமே இல்லாமல் வழவழப்பாக வார்க்கப்பட்டு, மின்போர்வையால் சுற்றிச் சுமார் 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கப்பட்ட பின்னரே தளத்தில் இறங்குகின்றன. இதைக் கேள்விப்பட்ட சிலர், தம் வண்டியின் மொட்டை டயரும் பந்தய டயர்தான் என்றும், சித்திரை வெயில் இலவச மின்போர்வை என்றும் வாதிடுவதுண்டு. பந்தய டயர் பிறவி மொட்டை, அதன் ரப்பர் இளகியது. சாலை டயர் தேய்ந்து மொட்டையானது, அதன் ரப்பர் வெயிலில் காய்ந்து இறுகியது. டயரில் பதித்திருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரித்த வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிப்பதால், 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்தது எனக் கண்டு, மரியாதையுடன் ஓய்வு கொடுத்துவிடலாம்.

இம்மாவட்டத்தின் சாலைகள் பெரும்பாலும் நேரானவை, வெப்பம் மிகுந்தவை. இங்கே ஓடுதள டயர் ஓரம் கெடாமல் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். நடுவில் கடினமும் ஓரங்களில் மென்மையுமாக இருவகை ரப்பரால் ஆன பயண டயரே பொருத்தமானது. அறுவடைக் காலத்தில் வண்டிகளே மிதித்துப் பிரித்துத் தரட்டும் என்று கொள்ளுச் செடியையும் உளுந்துச் செடியையும் சாலையில் பரப்பிவைக்கும் வழக்கத்துக்கு ஏற்ற டயரை மட்டும் உலகின் எந்த நிறுவனமும் இன்னும் செய்யவில்லை. அங்கே காப்பது, முன்கூட்டியே பார்த்து, முறுக்கைக் குறைத்து, வண்டியை நிமிர்த்தி நேராகச் செலுத்தும் பயிற்சிதான். தரையைத் தொடும் டயரின் பரப்பு ஏறத்தாழ உள்ளங்கையளவு. அவ்வளவு இடத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது ஆக்சிலரேட்டரைப் பிடித்திருக்கும் வலக்கை.

ஆதலால் டயருக்கென்று எடுத்துவைத்த தொகையில் ஒரு பகுதியைப் பயிற்சிக்குச் செலவிட வேண்டும் என்பது பெறப்படுகிறது. எவரும் மறுக்க முடியாத இம்முடிவை எவரும் ஏற்கப்போவதுமில்லை. புது டயர் மாட்டி வந்தால் தேநீர்க் கடையில் நாலு பேர் குனிந்து தொட்டுப் பார்த்து விலை கேட்பார்கள். பயிற்சி பெற்று வந்தவரோ, முன்னைவிட மெதுவாக வந்து நிற்பதைக் கண்டு, வண்டியில் ஏதும் கோளாறா என்று விசாரிக்கப்படுவார்.