கத்தியைக் கையில் கொடுக்காதே

எங்கள் வீட்டில் யாரும் யார் கையிலும் கத்தியைக் கொடுத்ததில்லை. கொடுத்தால் சண்டை வருமாம். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மா போட்ட இந்தச் சட்டத்தை மண்டையில் ஏற்றிக்கொண்டு, டல்லாஸிலிருந்து ஐந்து மணி நேரம் கார் ஓட்டி, ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக்கில் நடந்த கத்திக் கண்காட்சிக்குப் போனேன்.

மேஜை மேஜையாகக் கத்திகள். மேஜைக்கு ஒரு தாடிக்காரர். விரல் இடுக்கில் கரி. இடது முன்கையில் மட்டும் பொட்டு ரோமம் கிடையாது. ஏதோ தோல் வியாதி, ஊரோடு வந்திருக்கிறது என்று முதல் இரண்டு மேஜைகளை ஒதுங்கியே கடந்தேன். மூன்றாவது மேஜைக்காரர் பேச்சுவாக்கில் தன் கையைச் சரக்கென்று சிரைத்துக் காட்டியபோதுதான் விளங்கிற்று. கூர் பார்க்க அவர்களிடம் இருக்கும் ஒரே மீட்டர் அதுதான்.

அடுத்த மேஜைப் பெரியவருக்கு எழுபது இருக்கும். ஒரு கத்தியை எடுத்து, பிடிப் பக்கமாக என்னிடம் நீட்டினார். மேஜையில் வைப்பார் என்று நான் நின்றேன். வாங்குவேன் என்று அவர் நின்றார். பயந்தவனைப் பார்க்கும் பார்வை ஒன்று அவர் முகத்தில் வந்ததும், அம்மாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுப் பிடித்துவிட்டேன். அவர் விடவில்லை. வாங்குகிறவர் நன்றி சொன்ன பிறகுதான் கையை எடுப்பது அவர்கள் வழக்கமாம். இது தெரியாமல் நான் இழுக்க, அவர் இழுக்க, அம்மா சொன்ன சண்டை அங்கேயே ஆரம்பமாகிவிடும் போலிருந்தது.

கத்தியில் ‘எம்.எஸ்.’ என்று முத்திரை. மாஸ்டர் ஸ்மித். 1976இல் தொடங்கிய அமெரிக்கன் பிளேடுஸ்மித் சொசைட்டி தரும் பட்டம். தானே அடித்த கத்தியால், தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். பிறகு மரச்சட்டங்களைக் கொத்தித் துண்டாக்க வேண்டும். அதன் பிறகும் அதே கத்தி கை ரோமத்தைச் சிரைக்க வேண்டும். கடைசியில் அதை இடுக்கியில் மாட்டி 90 டிகிரி வளைப்பார்கள், உடையக் கூடாது. நான் எம்.சி.ஏ. முடித்தபோது நல்லவேளையாக என்னை யாரும் வளைத்துப் பார்க்கவில்லை.

“5160,” என்றார் பெரியவர், மந்திரம் போல. பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, விசாரித்தால், வண்டி ஸ்பிரிங்குக்குப் போடும் உருக்கு! எங்கள் ஊர்க் கொல்லர் லாரிப் பட்டையில் அரிவாள் அடித்துக் கொடுப்பார். அதற்கும் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் நின்றவன் நான். இங்கே 650 டாலர். பேரம் பேச வாயே வரவில்லை.

தமிழ்நாடு என்றதும் பெரியவர் எழுந்தே விட்டார். “ஊட்ஸ்!” நம் உருக்குக்குப் பங்காளியான கன்னட ‘உக்கு’தான் ஐரோப்பியர் வாயில் ஊட்ஸ் ஆனது என்பார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அங்கேதான் வந்தது வினை. “களிமண் மூசையில் இரும்போடு காஷியா ஆரிகுலேட்டா கட்டையை வைத்து மூடி உருக்குவார்களாமே, அந்தச் செடி பார்க்க எப்படியிருக்கும்?”

மேஜைக்கு அடியில் போனைத் தட்டினேன். ஆவாரை. பதினைந்து வயது வரை ஞாயிறுதோறும் ஆச்சி என் மேலெல்லாம் தேய்த்துவிட்ட ஆவாரம்பூ! “மஞ்சளாகப் பூக்கும். குளிக்க நல்லது,” என்றேன். அவர் அதையும் ஒரு தொழில் ரகசியமாக நினைத்து நோட்டில் குறித்துக்கொண்டார்.

இருந்ததிலேயே சின்னதாக, காய் நறுக்கும் கத்தி ஒன்றை வாங்கினேன். 180 டாலர். கூர் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சபை மரியாதைக்காகப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து, முறைப்படி கத்தியை மேஜையில் வைத்தேன். மனைவி கத்தியைப் பார்க்கவில்லை.

“விலையை அப்புறம் கேக்கறேன். மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் மட்டும் பழநிக்கு யாரு நேர்ந்துக்கிட்டது?”